ஆளை வெளிய அனுப்பியாச்சு, அவர் போட்டதையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க? நம்ம குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்மின் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கமுங்க.

போன வாரம் ராத்திரி நீங்க போட்ட அறிவிப்பைப் படிச்சேன். சேலம், ஏற்காடு பத்திப் படமும் தகவலும் போடுற நம்ம குழுவுல பல வருஷமா படம் போட்டுட்டு இருந்த அந்த மனுஷனை, பொண்ணுங்களைத் தொந்தரவு பண்ணதுக்காக நிரந்தரமா பேன் பண்ணிட்டோம்னு போட்டிருந்தீங்க. சரியான முடிவு, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது. அந்தப் பொண்ணுங்க ஸ்க்ரீன்ஷாட்டோட வந்து சொன்னப்ப நீங்க "அவரு சீனியரு, எத்தனை வருஷமா உழைச்சவரு"ன்னு மழுப்பாம உக்காந்து கேட்டீங்க, விசாரிச்சீங்க, தூக்குனீங்க. எத்தனையோ குழுவுல இது நடக்குறதில்ல. புகார் சொன்ன பொண்ணுதான் கடைசில குழுவை விட்டுப் போகும். நீங்க அப்படி விடல, அதுக்கு மனசார நன்றி.

ஆனா அந்த அறிவிப்போட கடைசில இன்னொரு வரி இருந்துச்சு. "அவருடைய அனைத்துப் பதிவுகளும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீக்கப்படும்." இந்த மடல் அந்த ஒரு வரிக்காகத்தான்.

அதுக்குக் கீழ நடந்த சண்டையை எல்லாரும் பாத்திருப்பீங்க. ஒரு பக்கம் "ஒண்ணு விடாம அழிங்க, அவன் பேரே இருக்கக் கூடாது"ன்னு. இன்னொரு பக்கம் "ஆள் வேற, அவர் வேலை வேற, போட்டோ என்ன பாவம் பண்ணுச்சு, அப்படியே விடுங்க"ன்னு. ரெண்டு பேருக்கும் கோவம் வர்றது புரியுது, ஆனா ரெண்டுமே யோசிக்காம சொல்ற பதில்னு நினைக்கிறேன். ஒரு ஆளை வெளிய அனுப்புறது ஒரு முடிவு. அவர் விட்டுட்டுப் போனதை என்ன பண்றதுங்கறது வேற ஒரு முடிவு. முதல் முடிவை எவ்ளோ பொறுமையா ஒவ்வொரு மெசேஜா படிச்சு எடுத்தீங்களோ அதே பொறுமை ரெண்டாவதுக்கும் வேணும், அதை ஒரே பட்டன்ல முடிக்காதீங்கன்னு கேட்கத்தான் எழுதறேன்.

முதல்ல அவர் போட்டது என்னென்னன்னு கொஞ்சம் பாருங்க. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு "ஒருத்தரோட போஸ்ட்"னு ஒரே குவியலாத் தெரியும். நான் இந்தக் குழுவுல ஊர் வாரியா போஸ்ட்டைப் பிரிச்சு டேக் போடுற வேலையைப் பாக்குறதால உள்ள என்ன இருக்குன்னு தெரியும். ஏற்காடு மலையில நாகலூர், மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு பக்கமெல்லாம் நடந்து எடுத்த செடி, மரம், பூ படங்கள் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் கீழ ஊர்ல என்ன பேர் சொல்றாங்கன்னு குறிப்பு. சில்வர் ஓக் நிழல்ல காப்பி, அதுல ஏறுன மிளகுக்கொடின்னு தோட்டம் தோட்டமா எடுத்தது இருக்கு. எஸ்டேட் ரோட்டுல காட்டெருமை வந்து நிக்குற வீடியோ இருக்கு. சேர்வராயன் கோவில் திருவிழா, குகை ஏரியாவுல சாமி வேஷத்தோட வர்ற வண்டி வேடிக்கை, செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு பட்டறை இதெல்லாம் வருஷா வருஷம் எடுத்துருக்காரு. அப்புறம் பழைய சேலம் படங்கள், மாடர்ன் தியேட்டர்ஸ்ல வேலை பாத்தவங்க வீட்டு ஆல்பத்துல இருந்து ஸ்கேன் பண்ணுனது. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண்ணு சரிஞ்சப்ப எங்க வண்டி போகுது எங்க போகலன்னு குழுவுல ஓடுன அந்தப் பெரிய போஸ்ட்டும் அவர் ஆரம்பிச்சதுதான்.

இப்ப சொல்லுங்க, இதெல்லாம் "அவரோடது"தானா?

அந்த மண்சரிவு போஸ்ட்டையே எடுத்துக்குவோம். அவர் எழுதுனது மேல ரெண்டு வரி. கீழ நூத்துக்கணக்கான பதில். அடிவாரத்துல இருந்து ஒருத்தர், குப்பனூர் ரோட்டுல இருந்து ஒருத்தர், மேல கரண்ட் இல்லாம மாட்டிக்கிட்டு போன்ல சார்ஜ் கம்மியா இருக்கப்பவும் எந்த வளைவுல மண்ணு கிடக்குன்னு போட்டோ போட்ட ஒரு டீக்கடைக்காரர். அந்த மழையில எங்கெங்க சரிஞ்சதுன்னு சாதாரண ஜனங்க கண்ணால பாத்து எழுதுன பதிவு இவ்ளோ விலாவாரியா நம்மகிட்ட வேற எங்கயும் இல்ல. மேல இருக்குற ரெண்டு வரியை டெலீட் பண்ணா கீழ இருக்குற அத்தனையும் சேந்து போயிடும், இந்த ஆப்போட அமைப்பு அப்படி. தப்பு பண்ணவருக்குத் தண்டனைன்னு நினைச்சு தப்பே பண்ணாத நூறு பேரு எழுதுனதை அழிக்கிறோம். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டோமா?

செடிப் படங்களுக்குக் கீழ இருக்குற பேரும் அப்படித்தான். அந்த மலையாளி சனங்க, மலையில தலைமுறை தலைமுறையா இருக்குற பழங்குடி மக்கள், அவங்க வீட்டுப் பெரியவங்க சொல்லித்தான் அந்தப் பேர் நமக்குத் தெரியும். எந்த இலையை எதுக்கு அரைப்பாங்க, எந்தக் காயைத் தொடக் கூடாது, மழைக்கு முன்னாடி எது பூக்கும், எல்லாம் அவங்க சொன்னது. அவர் எழுதி வாட்டர்மார்க் போட்டாரு, அவ்ளோதான். சொன்ன பெரியவங்கள்ல சிலர் இப்ப உயிரோட இல்ல. அதை அழிச்சா யாருக்கு நட்டம்? அவருக்கு இல்ல, அவர் கம்ப்யூட்டர்ல காப்பி இருக்கும். நட்டம் அந்த ஊருக்கு. ஆல்பம் படங்களும் இதே கதைதான். குடும்பத்துக்காரங்க நம்ம குழுவை நம்பிக் குடுத்தாங்க, அவர் ஸ்கேனர் வெச்சிருந்ததால அவர் கைக்குப் போச்சு. அதுல அவர் பேர் பெருசா இருக்குறதே முதல்ல இருந்து சரியில்லைன்னுதான் நான் நினைச்சுட்டு இருக்கேன். இப்ப அதைச் சரி பண்ண ஒரு வாய்ப்பு வந்திருக்கு, அழிக்கிறதுக்குப் பதிலா யார் சொன்னது, யார் வீட்டுப் படம்னு பேரை மாத்தி எழுதுங்க.

இதுவரைக்கும் படிச்சுட்டு "அப்ப எல்லாத்தையும் வெச்சுக்கலாம்னு சொல்றியா"ன்னு கேட்டீங்கன்னா, இல்லீங்க, நிச்சயமா இல்ல. இனி எழுதப் போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

அந்த ஆளோட ஆல்பத்துல ஆளுங்க இருக்காங்க. காப்பித் தோட்டத்துல பழம் பறிக்குற பொம்பளைங்க, ஏரிக்கரையில துணி துவைக்குறவங்க, வண்டி வேடிக்கையில சாமி வேஷம் போட்ட சின்னப் புள்ளைங்க, ஸ்கூல் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்குற பொண்ணுங்க. நாம எல்லாரும் "சூப்பர் சார், செம க்ளிக்"னு கமெண்ட் போட்டுட்டுப் போனோம். இப்ப பேன் ஆனதுக்குக் காரணம் என்ன? பொண்ணுங்களுக்கு நடு ராத்திரி அனுப்புன மெசேஜ், போட்டோ எடுக்கத் தனியா வான்னு கூப்பிட்டது, வரலைன்னா குழுவுல பேரைக் கெடுப்பேன்னு மிரட்டுனது. இது தெரிஞ்ச பிறகு அந்தப் படங்களை அதே கண்ணோட பாக்க முடியுமா? அந்த ஸ்கூல் பொண்ணுகிட்ட அனுமதி கேட்டு எடுத்தாரா? அந்தத் தோட்டத்து அக்காவுக்குத் தன் முகம் இத்தனை ஆயிரம் பேர் பாக்குற எடத்துல இருக்குன்னு தெரியுமா? இப்படிக் கேள்வி இருக்குற எந்தப் படமும் ஒரு நாள் கூட வெளிய இருக்கக் கூடாது. குறிப்பா குழந்தைங்க முகம் தெரியுற படம், அது எவ்ளோ அழகா இருந்தாலும் சரி, எந்தத் திருவிழாவா இருந்தாலும் சரி, முதல்ல எடுங்க. அப்புறம் அந்த வீட்டுக்காரங்க யாராச்சும் இருக்கட்டும்னு சொன்னா அப்ப யோசிக்கலாம். இந்த எடத்துல "வரலாறு, ஆவணம்"னு யாராச்சும் வாதாடுனா தயவு செஞ்சு காது குடுக்காதீங்க.

"ஆள் வேற, வேலை வேற"ன்னு சொல்ற நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்றேன். ஆர்க்கிட் படத்துல அது சரியா இருக்கலாம். ஒரு பொண்ணை வெச்சு எடுத்த படத்துல அவர் அந்தப் பொண்ணுகிட்ட நடந்துக்கிட்ட விதம்தான் அந்த வேலையே, அதை எப்படிப் பிரிப்பீங்க?

ஆர்க்கிட்னு சொன்னதும் இன்னொண்ணு. நம்ம ஏற்காட்டுல இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட ஆர்க்கிட் தோட்டம் இருக்குறது எல்லாருக்கும் தெரியும். ஆனா காட்டுல மரத்து மேல தானா வளருற ஆர்க்கிட்டைப் பாத்துட்டு அவர் சில போஸ்ட்ல பாறை, ஓடை, பாதைன்னு அடையாளம் சொல்லி, மேப்புல புள்ளியும் வெச்சிருக்காரு. ஆர்க்கிட் குடும்பம் முழுசுமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டிஸ் பட்டியல்ல இருக்கு, ஏன்னா காட்டுல இருந்து பிடுங்கி விக்குறது அவ்ளோ நடக்குது. செடி, விலங்கு எதை எங்க பாத்தோம்னு ஜனங்க பதிவு பண்ணுற ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான தளத்துல அழியுற நிலைல இருக்குற இனம்னா சரியான எடத்தைக் காட்டவே காட்டாது, 20 கிலோமீட்டருக்கு மேல அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள்ள எங்கயோ இருக்குன்னு மங்கலாக்கிடும். நாமளும் அந்தப் புள்ளியை எடுத்துட்டுப் படத்தை வெச்சுக்கலாம். இது அவர் பேன் ஆனதுக்கும் ஆகாததுக்கும் சம்பந்தமில்லாத விஷயந்தான், யார் போட்டிருந்தாலும் செய்ய வேண்டியது, இப்ப எப்படியும் ஒவ்வொண்ணா பாக்கப் போறோம்னா சேத்து முடிச்சுடலாம்.

மத்த எடத்துலயெல்லாம் என்ன பண்றாங்கன்னு கொஞ்சம் பாத்தேன். யூடியூப்ல ஒரு சேனலை டெர்மினேட் பண்ணா அதுல இருக்குற மொத்த வீடியோவும் போயிடும், நல்லது கெட்டது பாக்குறதில்ல. டெலிகிராம்ல ஆளைத் தூக்கும்போதே அவர் மெசேஜ் எல்லாத்தையும் அழிக்கவான்னு ஒரு டிக் கேட்கும். டிஸ்கார்டுல பேன் பண்ணும்போது கடைசி 7 நாள் வரைக்கும்தான் அழிக்கச் சொல்ல முடியும், அதுக்கு முன்னாடி எழுதுனது அங்கயே கிடக்கும். வாட்ஸப்ல ஆளைத் தூக்குனாலும் அவர் அனுப்புனது ஒவ்வொருத்தர் போன்லயும் அப்படியே இருக்கும். இதுல எதுவுமே "இதுதான் நியாயம்"னு யோசிச்சு நமக்காக வெச்சது இல்ல, பெரும்பாலும் ஸ்பேம் அனுப்புறவனைத் துடைக்க வெச்ச வசதி. ஸ்பேம்காரன் நேத்து வந்து இன்னிக்குக் குப்பை கொட்டுனவன், அவனுக்கு மொத்தமா அழிக்கிறது சரி. பல வருஷம் ஊரோட கலந்து எழுதுன ஒருத்தருக்கும் அதே பட்டன்தான்னா அது எப்படிங்க பொருந்தும்.

விக்கிப்பீடியாக்காரங்க இதை ரொம்ப வருஷமா பேசிருக்காங்க. ஆங்கில விக்கிப்பீடியாவுல ஒரு விதி இருக்கு: தடை செஞ்ச ஆள் தடையை மீறி வேற பேர்ல வந்து ஒரு பக்கத்தை உருவாக்குனா, அதுல மத்தவங்க பெருசா எதுவும் சேக்காம இருந்தா, உடனே நீக்கலாம். நல்லா கவனிங்க, தடைக்கு அப்புறம் எழுதுனது, அதுவும் மத்தவங்க கை படாதது. தடைக்கு முன்னாடி எழுதுனதை ஆள் போயிட்டாருங்கற ஒரே காரணத்துக்காக அழிக்கிறதில்ல, அதுல பொய் இருக்கா, காப்பி அடிச்சிருக்கான்னு தனியா பாப்பாங்க. இந்தப் பிரிவு எனக்கு சரியாப் படுது. நமக்கும் அப்படியே வெச்சுக்கலாம்: இனிமே அவர் ஃபேக் ஐடியில வந்து எதைப் போட்டாலும், அது எவ்ளோ நல்ல படமா இருந்தாலும், பாக்காமலே தூக்குங்க. இல்லைன்னா பேன்ங்கறதுக்கு அர்த்தமே இல்ல. அவர் நண்பருங்க "அண்ணன் அனுப்பச் சொன்னாரு"ன்னு போடுறதும் அதுலதான் சேரும். பழசு மட்டும் பொறுமையா.

இன்னொரு பக்கமும் நடந்திருக்கு. 2024 மே மாசம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கற ப்ரோக்ராமருங்களோட கேள்வி-பதில் தளத்துல, அந்தக் கம்பெனி சாட்ஜிபிடி நடத்துற ஓப்பன் ஏஐகூட ஒப்பந்தம் போட்டுச்சுன்னு கோவப்பட்டு சில பேரு தங்களோட சொந்தப் பதில்களையே அழிக்கவும் மாத்தவும் ஆரம்பிச்சாங்க. தளம் அதையெல்லாம் பழையபடி கொண்டுவந்துட்டு, அழிச்சவங்களைக் கொஞ்ச நாளைக்கு சஸ்பெண்ட் பண்ணுச்சு. மத்தவங்களும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு சொல்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல குடுத்ததைத் திருப்பி வாங்க முடியாதுங்கறது அங்க வாதம். உரிமம் அப்படி இருக்கலாம், ஆனா எழுதுனவரை வாசல்ல நிறுத்திட்டு எழுத்தை மட்டும் உள்ள வெச்சுக்குறது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு. நம்ம குழுவுல அப்படி எந்த உரிமமும் யார்கிட்டயும் வாங்கல. அப்ப அவர் "என் படத்தை எடுத்துடுங்க"ன்னு எழுதிக் கேட்டா, அவரே எடுத்த படம்னா, எடுத்துடணும். அவர் மேல எனக்கு மரியாதை இருக்குறதால இல்ல, படம் எடுத்தவருக்குத்தான் முதல் உரிமைன்னு 1957ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் சொல்றதால. மத்தவங்க ஆல்பத்துல இருந்து ஸ்கேன் பண்ணதுக்கும், கீழ மத்தவங்க எழுதுனதுக்கும் அவர் அப்படிக் கேட்க முடியாது. அதைத் தெளிவா முன்னாடியே அவருக்கு எழுதி அனுப்பிடுங்க. அவரோட சொந்தப் படங்களுக்கு ஒரு காப்பி வேணும்னாலும் குடுத்துடுங்க, பொண்ணுங்க படமும் புள்ளைங்க படமும் தவிர.

பேரை என்ன பண்றதுங்கறதுலதான் நிறைய பேர் குழம்புறாங்க. "படம் இருக்கட்டும், பேரை மட்டும் அழிச்சுடுங்க"ன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க, அதுக்கு ஏகப்பட்ட லைக். கேட்க நல்லா இருக்கு, ஆனா அதே சட்டத்துல பிரிவு 57 இருக்கு, படைச்சவர் இது என்னுதுன்னு சொல்லிக்குற உரிமை, அது காப்புரிமையை வித்துட்டாக் கூடப் போகாது. அவர் படத்தை நாம வெச்சுக்குவோம், பேரை மட்டும் வழிச்சு எடுத்துடுவோம்னா அது திருட்டு மாதிரி ஆயிடும், நாளைக்கு அவரே வந்து "பாருங்க என் உழைப்பைத் திருடிட்டாங்க"ன்னு நல்லவர் வேஷம் போட நாமளே மேடை போட்டுக் குடுத்த மாதிரியும் ஆயிடும். ஆனா அதுக்காக அவர் ப்ரொஃபைல் போட்டோவும், "மூத்த வழிகாட்டி"ன்னு நீங்க குடுத்த பட்டமும், தட்டுனா அவர் பக்கத்துக்குப் போற லிங்கும் அப்படியே இருக்கணும்னு இல்ல. பட்டத்தை இன்னிக்கே எடுங்க. முகத்தை எடுங்க. லிங்க்கை எடுங்க. படத்துக்குக் கீழ சின்ன எழுத்துல படம் எடுத்தவர் பேர் மட்டும் இருக்கட்டும், தேடுனா முதல்ல வந்து நிக்காத மாதிரி. மேல பின் பண்ணி வெச்சிருக்குற அவரோட மூணு போஸ்ட்டையும் இறக்குங்க. வருஷாவருஷம் "இதே நாள்"னு பழைய போஸ்ட்டைத் தூக்கிக் காட்டுறோமே, அதுல அவருது வரவே கூடாது. அவர் படத்தை வெச்சு காலண்டர், கண்காட்சி எதுவும் இனிமே கிடையாது.

இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, புகார் குடுத்த பொண்ணுங்க ஒருத்திகிட்ட பேசுனேன். அவ அனுமதியோடதான் இதை எழுதறேன். அவளுக்குப் படங்களைப் பத்திக் கூடப் பெருசா ஒண்ணும் இல்ல. "அக்கா, நான் ஒரு பூவோட பேரைத் தேடுனா அவர் மூஞ்சி வருது, கீழ எல்லாரும் குருவே குருவேன்னு எழுதியிருக்காங்க, அதுல பாதி பேரு என்னைத் தெரிஞ்சவங்க"ன்னா. அவளை வாட்டுறது ஆர்க்கிட் இல்ல, நாம குடுத்த அந்தப் புகழ்ச்சி. அதை எடுக்குறது நம்ம கையிலதான் இருக்கு, அதுக்கு எந்த ஆவணத்தையும் அழிக்க வேண்டியதில்ல.

அதனால முதல் கேள்வியே அவங்ககிட்டத்தான் போகணும். நாம இங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கத்துறோமே தவிர, அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன வேணும்னு யாரும் கேட்டதாத் தெரியல. ஒருத்தி எல்லாம் போகட்டும்னு சொல்லலாம், இன்னொருத்தி என் படம் மட்டும் போகட்டும்னு சொல்லலாம், இன்னொருத்தி நானும் அவர்கூட நடந்து சேத்த தகவல் அதுல இருக்கு, அதை அழிச்சா என் வேலையும் போயிடும்னு சொல்லலாம். கடைசியா சொன்னது நான் கற்பனை பண்ணல, அப்படி ஒருத்தர் நிஜமாவே இருக்காங்க, அவங்க எழுதுன குறிப்பு பூரா அவர் போஸ்ட்டுக்குள்ளதான் இருக்கு. "பாதிக்கப்பட்டவங்களுக்காக அழிக்கிறோம்"னு சொல்லிட்டு பாதிக்கப்பட்டவங்க உழைப்பையே அழிக்கிறது நடந்துடக் கூடாது. கேட்குறதும் பொதுவுல வேண்டாம். பெண் அட்மின் ஒருத்தர் தனியா, அவசரப்படுத்தாம, பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லாம கேளுங்க.

அதுவரைக்கும் என்ன பண்றதுன்னா, அழிக்காதீங்க, மறைங்க. இன்னிக்கே மொத்தத்தையும் மறைச்சுடுங்க, உறுப்பினர் யாருக்கும் தெரியாத மாதிரி, அட்மினுக்கு மட்டும் தெரியுற மாதிரி. அப்படிப் பண்ணா அந்தப் பொண்ணுங்க இன்னிக்கு ராத்திரியில இருந்து அந்த முகத்தைப் பாக்க வேண்டியதில்ல, எதுவும் தொலையவும் இல்ல. அப்புறம் பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா வெளிய விடலாம். பிரச்சனை இல்லாததை வெளிய விடுறது எப்ப வேணும்னாலும் முடியும், அழிச்சதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மண்சரிவு போஸ்ட்டை மட்டும் முதல் நாளே திறந்து விடுங்க, மழைக்காலத்துல அது தேவைப்படும்.

மறைக்கணும், அழிக்கக் கூடாதுங்கறதுக்கு இன்னொரு பெரிய காரணமும் இருக்கு. ஆதாரம். அந்தப் பொண்ணுங்க யாராச்சும் நாளைக்கோ ஆறு மாசம் கழிச்சோ போலீசுக்குப் போகணும்னு முடிவு பண்ணா? பொது போஸ்ட்டுக்குக் கீழ அவர் எழுதுன கமெண்ட், எந்தத் தேதியில எந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாருன்னு அவரே போட்ட படம், இதெல்லாம் அப்ப வேணும். 2021ல வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்ல, தளங்கள் ஒரு பதிவை நீக்குனா அதை விசாரணைக்காக 180 நாள் பத்திரமா வெச்சிருக்கணும்னு சொல்லியிருக்கு, கணக்கை ரத்து பண்ணாலும் பதிவுத் தகவலை 180 நாள் வெச்சிருக்கணும். அது தளம் நடத்துற கம்பெனிகளுக்குப் போட்ட விதி, நம்ம மாதிரி குழு நடத்துறவங்களை நேரா கட்டுப்படுத்துதோ இல்லையோ, அதுக்குப் பின்னாடி இருக்குற யோசனை நமக்கும் பொருந்தும். அவசரத்துல துடைச்சு சுத்தம் பண்ணா அவருக்குத்தான் உதவி பண்ணவங்களா ஆவோம். நேரம், தேதி, லிங்க் எல்லாம் தெரியுற மாதிரி ஒரு காப்பி எடுத்து ரெண்டு பேர் கையில மட்டும் வெச்சுக்குங்க. அந்தரங்கமான படம் ஏதாவது கண்ணுல பட்டா மட்டும் அதைக் காப்பி எடுத்துச் சுத்த விடாதீங்க, சம்பந்தப்பட்டவங்ககிட்ட சொல்லி நேரா சைபர் கிரைம் புகார் எண் 1930க்கோ, பெண்கள் உதவி எண் 181க்கோ வழி காட்டுங்க.

இணையத்துல ஒரு தடவை போனா போனதுதான், அதை நம்ம தலைமுறை கண்ணால பாத்திருக்கு. 2014 செப்டம்பர் 30ம் தேதி, ஃபேஸ்புக் மாதிரி இருந்த ஆர்குட்டை மூடுனாங்க, நாங்க காலேஜ் படிக்கும்போது அதுல சேலம் பேர்ல எத்தனை கம்யூனிட்டி, எத்தனை அரட்டை, இப்ப யார்கிட்டயும் ஒண்ணும் இல்ல. 2020 ஜூன் 29ம் தேதி 59 ஆப்புக்குத் தடைன்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு, அதுல டிக்டாக்கும் இருந்துச்சு, கொண்டலாம்பட்டி தறிக்காரங்க, பஸ் கண்டக்டருங்க, வீட்டு வேலை செய்யுற அக்காங்க எடுத்துப் போட்டிருந்த வீடியோ எல்லாம் ஒரே வாரத்துல காணாமப் போச்சு, காப்பி வெச்சிருந்தவங்க ரொம்பக் கம்மி. அங்க முடிவு எடுத்தது நாம இல்ல, நம்மகிட்ட யாரும் கேட்கல. இங்க முடிவு நம்ம கையில இருக்குறப்பவும் அதையே பண்ணுவோமா?

வேலை நிறையன்னு தெரியும். நீங்க யாரும் சம்பளத்துக்கு அட்மினா இல்ல, ஒருத்தர் கடை வெச்சிருக்கீங்க, ஒருத்தர் ஸ்டீல் பிளான்ட் ஷிப்டு, அக்கா ஒருத்தங்க டீச்சர். ஆயிரக்கணக்கான போஸ்ட்டை யார் உக்காந்து பாக்குறதுன்னு நீங்க கேட்டா நியாயந்தான், மொத்தமா அழிக்கலாம்னு உங்களுக்குத் தோணுனதே அந்த அலுப்புலதான்னு நினைக்கிறேன். அதுக்கு ஆள் நாங்க இருக்கோம். ஊர் வாரியா டேக் ஏற்கனவே இருக்கு, அதை வெச்சு மலை ஊர்கள் ஒருத்தருக்கு, டவுன் ஒருத்தருக்கு, திருவிழா ஒருத்தருக்குன்னு பிரிச்சுக்கலாம். ஒவ்வொரு போஸ்ட்டையும் ரெண்டு பேர் பாக்கணும், அதுல ஒருத்தர் கட்டாயம் பெண்ணா இருக்கணும், அவருக்கு நெருங்குன நண்பர் யாரும் இதுல இருக்கக் கூடாது. ஆள் முகம் தெரியுற படம்னா யோசிக்காம மறைச்சபடியே விட்டுடணும். ரெண்டு பேருக்கும் ஒத்து வரலைன்னாலும் மறைச்சபடியே இருக்கட்டும், அவசரம் ஒண்ணும் இல்ல. மலை ஊர்ப் பேரெல்லாம் யார் சொன்னதுன்னு கேட்டு எழுத நாகலூர் பக்கத்து உறுப்பினருங்க ரெண்டு பேரு வர்றேன்னு சொல்லிட்டாங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு அறிவிப்பு போடுங்க. குழு விதியை மீறுனதால இவர் நீக்கப்பட்டாரு, இவர் போட்டதுல இதை இதை நீக்கிருக்கோம், இதை வெச்சிருக்கோம், இதனால வெச்சிருக்கோம், யாருக்காவது தன் படமோ தன் வீட்டுப் படமோ அதுல இருக்குறது பிடிக்கலைன்னா இன்னாருக்கு மெசேஜ் பண்ணுங்க, காரணம் கேட்காம எடுத்துடுவோம். அவ்ளோ போதும். புகார் குடுத்தவங்க யாருன்னு ஊகிக்கக்கூடிய ஒரு எழுத்து கூட அதுல வரக் கூடாது. இதே அறிவிப்பையே குழு விதியிலயும் சேத்துடுங்க, அடுத்த தடவை இப்படி ஒண்ணு வந்தா, வராம இருக்கணும், வந்தா, ஆளைப் பாத்து முடிவு மாறக் கூடாது. ரொம்ப லைக் வாங்குறவருக்கு ஒரு நியாயம், நேத்து சேந்த பையனுக்கு ஒரு நியாயம்னு இருந்தா யாரும் நம்ம மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஸ்தம்பட்டியில நீங்க கூடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். இதை முதல் விஷயமா எடுங்க, அதுக்கு முன்னாடி டெலீட் பட்டனை யாரும் தொட வேண்டாம். நான் வர்றேன், டேக் பட்டியலை பிரின்ட் எடுத்துட்டு வர்றேன், வேலையைப் பிரிச்சுக்க வர்றேன்னு சொன்னவங்க பேரும் அதுல இருக்கும்.

அன்போட,
அம்மாபேட்டையில இருந்து
உங்க குழு உறுப்பினர்